இறங்கித் தள்ளு: ஒரு பழைய சைக்கிள் பிரேமின் வரலாறு



நினைவுச் சொற்பொழிவுக்குப் பெரிய தலைப்பாக எடுப்பதுதான் வழக்கம். நான் ஒரு பழைய சைக்கிள் பிரேமை எடுத்துக்கொண்டிருக்கிறேன். இது சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தைப் படித்துப் பார்க்கலாம். பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ பொது இடத்தில் சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதைத் தடுப்பதும், செருப்பும் புதுத்துணியும் அணிவதைத் தடுப்பதும் குற்றம் என்று அதில் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். ஆறு மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை. 2016 ஜனவரி 26 முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

ஆனால் பொதுச் சாலையைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பதை 1955ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றங்கள் சட்டமே குற்றமாக்கிவிட்டது. பிறகு ஏன் 60 ஆண்டு கழித்துச் சைக்கிளைத் தனியாக எழுத வேண்டி வந்தது? ஊர்த்தெருவின் விதி “வராதே” என்று சொல்லவில்லை. “இறங்கித் தள்ளிக்கொண்டு போ” என்றது. சாலையில் நடக்கலாம், சைக்கிளும் வைத்துக்கொள்ளலாம், அதன்மேல் உட்காரத்தான் கூடாது. உயரம்தான் அங்கே பிரச்சினை. திண்ணையில் இருப்பவரின் தலைக்கு மேல் நம் தலை போகக் கூடாது.

அந்தச் சைக்கிள் நம் கைக்கு எப்படி வந்தது என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. மெட்ராஸை ஒட்டிய அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949இல் தொடங்கப்பட்டது, ஹெர்குலிஸ் வண்டிகள் அங்கிருந்து வரத் தொடங்கின என்பதெல்லாம் கம்பெனி வரலாற்றில் கிடைக்கும். கடையில் புது வண்டி வாங்கியவரின் பெயர் ரசீதில் இருக்கும். மூன்றாம் கை, நான்காம் கையாக வெறும் பிரேமை வாங்கியவருக்கு ரசீது ஏது?

கொங்கு நாட்டு அருந்ததியர் பெரும்பாலும் பண்ணையாட்கள். வருசக் கூலி, அதிலும் பாதி தானியம், அதற்கு முன்பே வாங்கிய முன்பணம். கவலை இறைத்த காலத்தில் சாலுக்குத் தோல்தும்பி தைத்ததும் செருப்புத் தைத்ததும் நம் ஆட்களே. 1930களில் பைக்காரா மின்சாரம் கோவைக்கு வந்தது. மில்கள் பெருகின. பின்னர் மோட்டார் பம்புசெட்டு கிணறு கிணறாக இறங்கியபோது தும்பிக்கு வேலை இல்லாமல் போனது. என் தாத்தா தும்பி தைத்தவர். என் அப்பா கணபதிப் பக்கம் ஒரு பவுண்டரியில் பம்பு உடலுக்கு மணல் அச்சு அடித்தார். இரவு ஷிஃப்ட் முடியும் நேரத்துக்கு எங்கள் ஊர்ப் பக்கம் பஸ் கிடையாது.

புது சைக்கிள் வாங்க மொத்தப் பணம் வேண்டும். மொத்தப் பணம் இருந்த இடம் பண்ணையக்காரர் வீடு. அங்கே கேட்டால் முன்பணக் கணக்கில் இன்னொரு வரி ஏறும், இன்னும் சில வருசம் அந்தக் காட்டிலேயே கிடக்க வேண்டும். பவுண்டரிக்குப் போவதற்கான வண்டியே பவுண்டரிக்குப் போகவிடாமல் செய்துவிடும். அதனால்தான் பிரேமை மட்டும் வாங்கி, வாரக்கூலியில் ஒவ்வொரு பாகமாகச் சேர்ப்பது. இதைச் சிக்கனம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. கடன் வாங்காமல் ஒரு பொருளை உடைமையாக்கிக்கொள்ள அவர்களுக்கு இருந்த வழி அது.

அதில் ஒரு கணக்கு இருந்தது. முதலில் பிரேம் நேராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பின்சக்கர அச்சு மாட்டும் இடத்தில் நூலைக் கட்டி, ஹேண்டில்பார்க் குழலைச் சுற்றி மறுபக்க அச்சு மாட்டும் இடம் வரைக்கும் இழுப்பார்கள். சீட்டுக் குழலுக்கும் நூலுக்கும் இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால் வாங்கலாம். மூட்டுகளில் விரிசல் இருந்தால் கேஸ் வெல்டிங்கில் பித்தளை ஊற்றி ஒட்டிக்கொள்ளலாம். இரும்புப் பிரேமின் பெருமை அதுதான். பெடல் அச்சு சுழலும் குழலின் அடிப்பக்கம் துரு தின்றிருந்தால் மட்டும் தொடக்கூடாது. துருப்பிடித்து இறுகிப்போன சீட்டுக் கம்பிக்கு மண்ணெண்ணெய் ஊற்றி இரண்டு நாள் காத்திருக்க வேண்டும்.

பிறகு எதற்குக் காசு, எதற்குக் காசில்லை என்ற முடிவு. பால்ரஸ் குண்டுகளைப் புதிதாகப் போட்டுவிட வேண்டும். அவை மலிவு, ஆனால் தேய்ந்த குண்டு கோனையும் சேர்த்துத் தின்றுவிடும். செயினும் பிரீவீலும் ஒன்றாகத்தான் வாங்க வேண்டும். புதுப் பிரீவீலில் பழைய செயின் பல் தாண்டிக் குதிக்கும். ரிம் வளைந்திருந்தால் ஸ்போக் சாவியால் பெண்டு எடுத்துக்கொள்ளலாம், முன்னால் 32 கம்பி, பின்னால் 40. டயர் கிழிந்தால் உள்ளே பழைய டயர்த் துண்டு. பெயிண்டுக்குக் காசில்லை. மட்கார்டு அடுத்த வருசம். விளக்கு இல்லாமல் இரவில் போனால் போலீஸ் பிடிக்கும் என்பதால் டைனமோவுக்கு மட்டும் விலக்கு. அப்பா பிரேம் வாங்கி ஓட்டத் தொடங்க எட்டு மாதம் ஆயிற்று. அந்த எட்டு மாதமும் பிரேம் கூரையில் தொங்கியது.

அது ஓட ஆரம்பித்த முதல் வாரமே ஊருக்குள் நிறுத்தினார்கள். “பழைய வண்டிதானுங்க சாமி” என்று அப்பா சொன்னாராம். வண்டி பழசா புதுசா என்பது அவர்கள் கேள்வி இல்லை.

சைக்கிள் வந்ததும் விடுதலை வந்துவிட்டது என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஜூடித் ஹேயர் என்ற ஆய்வாளர் கோவை மாவட்டத்துக் கிராமங்கள் சிலவற்றை 1981-82இல் ஆராய்ந்தார்; 1996இல் மறுபடியும் வந்தார். மற்ற சாதியார் மில்லுக்கும் தொழிற்சாலைக்கும் போன அளவுக்கு அருந்ததியர் வேளாண் கூலியை விட்டு வெளியேறியிருக்கவில்லை என்பதே அவர் கண்டது. தூரம் ஒரு தடைதான். கடனும், வேலைக்கு ஆள் சேர்ப்பதில் இருந்த சாதித் தொடர்பும் வேறு தடைகள். அவற்றைப் பெடல் போட்டுத் தாண்ட முடியாது.

புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்ததைப் பி. சாய்நாத் எழுதினார், உலகம் படித்தது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் முன்னின்றார். பாட்டு இருந்தது, கூட்டம் இருந்தது. நம் ஊர்களில் ஒரு ஆள் தனியாக, விடியற்காலையில், இறங்காமல் தெருவைக் கடந்திருப்பார், அடியும் வாங்கியிருப்பார். அதற்குப் பாட்டு இல்லை. தமிழக அரசின் இலவச சைக்கிள் திட்டம் 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கென்றுதான் தொடங்கியது, பிறகே மற்ற மாணவர்களுக்கும் விரிந்தது. அந்த வண்டிகளும் ஊர்த்தெரு வழியாகத்தான் பள்ளிக்கூடம் போக வேண்டியிருந்தது.

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். இந்த வரலாற்றுக்கு ஆவணக் காப்பகத்தில் கோப்பு தேட வேண்டாம். உங்கள் காலனியில் 60 வயது தாண்டியவர்களிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: எந்த இடத்தில் இறங்குவீர்கள், எந்த இடத்தில் மறுபடி ஏறுவீர்கள்? யோசிக்காமல் சொல்வார்கள். அந்த இரண்டு இடத்தையும் வரைபடத்தில் குறியுங்கள், இடையில் உள்ள தூரத்தை அளந்து எழுதுங்கள், எந்த வருசம் அது நின்றது, யார் நிறுத்தினார், நிற்கவே இல்லையா என்பதையும் எழுதுங்கள். எங்கள் ஊரில் அது மாரியம்மன் கோயில் வேப்பமரத்திலிருந்து தண்ணீர்த் தொட்டி வரைக்கும். நான் அளந்தேன், 310 அடி.