சொனைத் தண்ணி

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைச் சாலையில் ஏறக்குறைய 28 கிலோமீட்டர் போனால் செஞ்சி. அங்கே கோட்டை இருக்கும் ராஜகிரிக் குன்றில் பாதி ஏறுவதற்குள் எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. கூட வந்த உள்ளூர்ப் பெரியவர், “இன்னும் கொஞ்சம் ஏறுங்க தம்பி, மேல சொனை இருக்கு” என்றார்.

குடை ‘கொடை’ ஆவதுபோல, சுனை பேச்சில் ‘சொனை’ ஆகிறது. இலையின் அரிப்பு மயிருக்குப் பெயர் சுணை. அது மூன்று சுழி. ‘சூடு சுணை’யை இரண்டு சுழி போட்டு எழுதுகிறவர்கள் மானத்தையும் மலைத்தண்ணீரையும் கலந்துவிடுகிறார்கள்.

சுனை என்ற சொல்லுக்கு வயது ஈராயிரம் இருக்கும். குறிஞ்சி நிலத்துக்கு நீர் என்று பழைய நூலோர் வகுத்தவை இரண்டு: அருவி, சுனை. கபிலரின் குறிஞ்சிப்பாட்டுப் பெண்கள் 99 வகைப் பூக்களில் கைவைக்கும் முன் சுனையில் குடைந்தாடிக் கண் சிவக்கிறார்கள். விழுப்புரம் பக்கக் குன்றுகளில் அருவிக்கு எங்கே போவது? சுனைதான் கதி.

அகராதியில் சுனைக்கு ‘மலையூற்று’ என்ற பொருளும் உண்டு. எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. கசிவு இல்லாத சுனைகளும் ஏராளம். பாறையில் சிறு பள்ளம், மழைநீர் தேங்குகிறது, தேங்கிய நீர் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கிறது, பள்ளம் ஆழமாகிறது, அடுத்த மழைக்கு இன்னும் அதிக நீர் நிற்கிறது. தன் பாத்திரத்தைத் தானே கடைந்துகொள்ளும் தண்ணீர் அது. விளிம்பில் மட்டம் இறங்க இறங்க விழுந்த வெள்ளைக் கோடுகள், அடியில் பச்சைப் பாசி, ஓரத்தில் தலைப்பிரட்டைகள். நான் பார்த்தபோது ஒரு குரங்கு குனிந்து, முகம் நனையாமல் உறிஞ்சிக் குடித்துக்கொண்டிருந்தது.

1690 முதல் 1698 வரை முகலாயப் படை செஞ்சியை வளைத்துக் கிடந்தது. மதில் எவ்வளவு உயரமானாலும், மேலே நீர் இல்லாத கோட்டை அத்தனை காலம் நிற்காது. சமணத் துறவியர் தங்கிய குகைகளை ஒட்டியும் பல இடங்களில் சுனையைக் காணலாம். சித்தன்னவாசலில் நாவச்சுனை அப்படி. செஞ்சிப் பக்கமும் சமணர் தடம் உண்டு: அடுத்துள்ள திருநாதர்குன்றில் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தியின் கல்வெட்டு இருக்கிறது.

2025இல் செஞ்சிக்கோட்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. இனிக் கூட்டம் கூடும். ஏறுகிறவர்கள் குடிக்கத் தண்ணீர் கையோடு கொண்டுபோங்கள்; காலி பாட்டிலைக் கீழே கொண்டுவாருங்கள். சுனையில் மட்டும் கால் கழுவாதீர்கள், குரங்குக்கு வேறு தண்ணீர் கிடையாது.