பிரிட்டிஷ் ராக் ஆல்ப மதிப்புரை

பிரிட்டனின் பாப், ராக் குழுக்கள் வெளியிடும் ஆல்பங்களைக் கேட்டு எடைபோட்டு இதழ்களில் எழுதப்படும் விமர்சன வகை. லண்டனிலிருந்து வெளிவந்த இசை வார இதழ்களில் இது வளர்ந்தது.

1923இல் நாவலாசிரியர் காம்ப்டன் மெக்கன்சி தொடங்கிய 'கிராமஃபோன்' செவ்வியல் இசைத்தட்டுகளுக்கு மதிப்புரை எழுதும் வழக்கத்தை நிலைநிறுத்தியது. 1926இல் வந்த 'மெலடி மேக்கர்' நடன இசையையும் ஜாஸையும் கவனித்தது. 1952இல் 'நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்' (என்.எம்.இ.) பிறந்தது. இசைத்தட்டுக் கடைகளுக்குத் தொலைபேசியில் பேசி விற்பனை விவரம் திரட்டி, பிரிட்டனின் முதல் தரவரிசைப் பட்டியலை அவ்வாண்டு நவம்பர் 14 அன்று அது வெளியிட்டது. அக்காலத்துப் பாப் மதிப்புரைகள் பெரும்பாலும் சில வரிகளே. தட்டு பட்டியலில் ஏறுமா என்பதே அவற்றின் கேள்வி.

1963 டிசம்பர் 27 அன்று 'தி டைம்ஸ்' நாளிதழின் இசை விமர்சகர் வில்லியம் மான், பெயர் போடாமல் பீட்டில்ஸ் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவர்களது இரண்டாம் ஆல்பத்தின் பாடல் ஒன்று முடியும் விதத்தைச் செவ்வியல் இசையமைப்பாளர் மாலரின் இசையோடு ஒப்பிட்டு, செவ்வியல் இசையின் கலைச்சொற்களாலேயே அதை விளக்கினார். பாப் இசையைக் காதுகொடுத்துக் கேட்டு எழுதிய முதல் விமர்சனம் இதுவே என்பர் சிலர். ஜாஸ் விமர்சகர்களே இதற்கு முன்னோடிகள் என்பது மற்றொரு தரப்பு.

1967இல் வந்த பீட்டில்ஸின் 'சார்ஜென்ட் பெப்பர்' மதிப்புரையின் அளவுகோலையே மாற்றியது. பாடல் வரிகள் உறையின் பின்புறம் அச்சிடப்பட்டிருந்தன; பாடல்களுக்கிடையே வழக்கமான இடைவெளியும் குறைக்கப்பட்டிருந்தது. தனித்தனிப் பாடல்களாக அல்லாமல் முழு ஆல்பமாக மதிப்பிட வேண்டிய நிலை உருவானது. நாடக விமர்சகர் கென்னத் டைனன் அதை மேலை நாகரிக வரலாற்றின் திருப்புமுனைகளுள் ஒன்றாகவே வைத்தார். அட்லாண்டிக்கின் மறுகரையில் 'நியூயார்க் டைம்ஸ்' இதழில் ரிச்சர்ட் கோல்ட்ஸ்டீன் அதைக் கடுமையாகக் குறைகூறினார்.

இக்காலத்து நிகழ்ச்சிகளுள் குறிப்பிடத்தக்கது ஒன்று உண்டு. 1969இல் பீட்டில்ஸின் ஜான் லெனன், அவர் மனைவி யோகோ ஓனோ இணையரின் 'வெட்டிங் ஆல்பம்' மதிப்புரைக்காக 'மெலடி மேக்கர்' எழுத்தாளர் ரிச்சர்ட் வில்லியம்ஸிடம் வந்தது. வந்தவை ஒரு பக்கம் மட்டும் இசை பதிந்த இரு சோதனைத் தட்டுகள். மறுபக்கங்களில் பொறியாளரின் சோதனை ஒலி மட்டுமே இருந்தது. வில்லியம்ஸ் அதையும் இசையாகவே கொண்டு, அந்த ஒற்றை ஒலியின் சுருதியில் நுண்ணிய மாறுதல்கள் கேட்பதாக எழுதினார். லெனனும் ஓனோவும் நன்றி சொல்லித் தந்தி அனுப்பினர். இம்மதிப்புரை இன்றும் பேசப்படுகிறது.

மிக விரிவாகப் பதிவாகியுள்ளது 1970களின் வரலாறு. 1970இல் 'சவுண்ட்ஸ்' தொடங்கியபோது என்.எம்.இ.யின் விற்பனை சரிந்திருந்தது. மூடப்படும் அபாயமும் இருந்தது. 1972இல் ஆசிரியர் ஆலன் ஸ்மித்தும் அவருக்குத் துணையாயிருந்த நிக் லோகனும் மாற்றுப் பத்திரிகைகளிலிருந்து இளைஞர்களை அழைத்து வந்தனர். சார்ல்ஸ் ஷார் மர்ரி 'ஆஸ்' இதழின் பள்ளி மாணவர் சிறப்பிதழில் எழுதியவர். நிக் கென்ட் 'ஃப்ரெண்ட்ஸ்' இதழிலிருந்து வந்தார். இயன் மெக்டொனால்டும் இவர்களோடு சேர்ந்தார். பின்னாளில் பீட்டில்ஸ் பாடல்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து 'ரெவல்யூஷன் இன் த ஹெட்' (1994) எழுதியவர் இவரே. மதிப்புரை நீண்டது, எழுதுபவரின் ரசனையும் கோபமும் அதில் இடம்பெற்றன. இசைத்தட்டு நிறுவனத்தின் விளம்பரக் குறிப்பை ஒட்டி எழுதும் பழக்கம் தளர்ந்தது.

1976இல் பங்க் இசை எழுந்தபோது, விளம்பரம் பார்த்து விண்ணப்பித்த ஜூலி பர்ச்சிலும் டோனி பார்சன்ஸும் என்.எம்.இ.யில் சேர்ந்தனர். அவ்வாண்டு லண்டன் இஸ்லிங்டனில் நடந்த கச்சேரி ஒன்றைப் பார்த்த மர்ரி, 'தி கிளாஷ்' என்ற பங்க் குழுவைக் கராஜுக்கே (கார் ஷெட்டுக்கே) திருப்பி அனுப்ப வேண்டும் என்ற பொருளில் எழுதினார். அக்குழு அதற்குப் பதிலாகவே 'கராஜ்லேண்ட்' பாடலை எழுதி, 1977இல் வந்த தன் முதல் ஆல்பத்தின் இறுதியில் வைத்தது. விமர்சனம் ஒரு நல்ல பாடலுக்கு வித்திட்டது அரிதான நிகழ்வு.

1978இல் லோகன் 'ஸ்மாஷ் ஹிட்ஸ்' இதழைத் தொடங்கினார். 1986இல் வந்த 'க்யூ' மாத இதழ், ஐந்து நட்சத்திர மதிப்பீட்டைப் பரவலாக்கியது. 1993இல் 'மோஜோ', 1997இல் 'அன்கட்' வந்தன.

மதிப்புரை விற்பனையைத் தீர்மானிக்கிறதா என்பதில் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. ஒயாசிஸ் குழுவின் 1995ஆம் ஆண்டு ஆல்பம் பல விமர்சகர்களைக் கவரவில்லை; ஆயினும் அதுவே அவர்களின் மிகப் பெரிய வெற்றி. 1997இல் வந்த அவர்களின் 'பி ஹியர் நவ்' முதல் நாளிலேயே பிரிட்டனில் 4 லட்சத்துக்கும் மேல் விற்றது. 'க்யூ' அதற்கு ஐந்து நட்சத்திரம் தந்தது. அக்காலப் புகழுரைகள் மிகையானவை என்பதே பின்னர் பரவிய கருத்து.

'சவுண்ட்ஸ்' 1991இல் நின்றது. 2000இல் 'மெலடி மேக்கர்' என்.எம்.இ.யோடு இணைக்கப்பட்டது. 2015 முதல் இலவசமாக வழங்கப்பட்ட என்.எம்.இ.யின் அச்சு வார இதழ் 2018 மார்ச்சில் முடிந்தது. 'க்யூ' 2020இல் நின்றது.