அச்சுகள் கடல் கடந்த கதை

ஹௌரா நிலையத்தில் வந்திறங்கிய நம்மவர்களுள் பலர் முதலில் ஏறியது ஒரு மஞ்சள் நிற அம்பாசிடர் டாக்சியாக இருந்திருக்கும். தாதரில் இறங்கியவர்களைக் கறுப்பும் மஞ்சளுமான பியட் வண்டி ஏற்றிக்கொண்டு போயிருக்கும். புதிய ஊரின் மொழி பழகுமுன்பே அதன் வண்டி நமக்குப் பழகிவிட்டது. அந்த வண்டிகள் இன்று வரலாறாகிவிட்டன. அம்பாசிடரின் உற்பத்தி 2014 மே மாதத்தில் நின்றது. பம்பாயின் கடைசிப் பத்மினி டாக்சி 2023 அக்டோபர் இறுதியில் ஓய்வு பெற்றது. பெரிய வண்டிகள் உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாகப் போய்விட, அக்காலத்து வண்டிகளின் உருவத்தைக் காத்து நிற்பவை உள்ளங்கையில் அடங்கும் உலோகச் சிற்றுருக்கள். அவற்றைத் தேடிச் சேர்ப்போர் உலகெங்கும் உள்ளனர். இது பிள்ளை விளையாட்டுத்தானே என்று தோன்றலாம். ஆயினும் அதனுள் நம் நாட்டுத் தொழில் வரலாற்றின் ஒரு பக்கம் அடங்கியிருக்கிறது. அதனை இவ்வுரையில் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

இச்சிற்றுருக்கள் அச்சு வார்ப்பு என்னும் முறையில் செய்யப்படுகின்றன. துத்தநாகத்தோடு நூற்றுக்கு நான்கு பங்கு அளவில் அலுமினியமும், மிகச் சிறிதளவு மக்னீசியமும் சேர்ந்த உலோகக் கலவையை உருக்கி, எஃகு அச்சினுள் அழுத்தத்துடன் செலுத்துவார்கள். கலவை நொடிப்பொழுதில் இறுகும். அச்சைத் திறந்தால் கூரையும் கதவுக் கோடுகளும் முகப்பும் ஒரே வார்ப்பாக வெளிவரும். பிசிறு நீக்கி, வண்ணம் பூசி, அச்சாணியும் சக்கரமும் பூட்டினால் வண்டி உருண்டோடும். ஓர் அச்சைச் செதுக்க ஆகும் உழைப்பும் செலவும் பெரிது. ஆனால் செதுக்கி முடித்துவிட்டால் ஒரே அச்சிலிருந்து ஆயிரம் ஆயிரமாக வண்டிகளை வார்த்தெடுக்கலாம். ஆதலின் இத்தொழிலில் உண்மையான செல்வம் அச்சே. இச்செய்தியை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நம் கதை முழுவதும் இதனைச் சுற்றியே செல்கிறது.

இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் பின்ஸ் சாலை என்ற இடத்தில் மெக்கானோ நிறுவனத்தின் தொழிற்சாலை இருந்தது. அதன் தலைவர் பிராங்க் ஹார்ன்பி. துளையிட்ட தகடுகளையும் திருகாணிகளையும் கொண்டு பாலமும் பாரந்தூக்கியும் கட்டும் மெக்கானோ விளையாட்டைப் படைத்தவர் அவரே. விளையாட்டு ரயில்களையும் அவர் செய்தார். அந்த ரயில் பாதையின் ஓரத்தில் வைக்கவென்று 1933ஆம் ஆண்டின் இறுதியில் சில சிறிய மோட்டார் வண்டிகள் வந்தன. மறு ஆண்டே அவற்றுக்கு டிங்கி என்ற பெயர் வழங்கலாயிற்று. துணையாக வந்த பொருள் தலைமைப் பொருளை விஞ்சிப் புகழ் பெற்றது. சேகரிப்போர் இன்றும் போற்றும் 1:43 என்ற அளவு அந்த ரயிலிலிருந்தே பிறந்தது. ஓர் அடிக்கு ஏழு மில்லிமீட்டர் என்பது அந்த ரயில் பாதையின் கணக்கு. அதை வகுத்துப் பார்த்தால் ஏறத்தாழ நாற்பத்து மூன்றரை வரும்.

1953இல் லெஸ்னி நிறுவனத்தார் தீப்பெட்டி அளவுள்ள பெட்டியில் அடங்கும் மேட்ச்பாக்ஸ் வண்டிகளை வெளியிட்டனர். 1956இல் கண்ணாடிச் சன்னல் பொருத்திய கார்கி வண்டிகள் கடைக்கு வந்தன. போட்டி மிகுந்தது. சாலையில் புதிய கார் வந்ததும் அதன் சிற்றுருவும் கடையில் இருக்க வேண்டும் என்ற நிலை ஏற்பட்டது. ட்ரையம்ஃப் ஹெரால்ட் என்ற கார் 1959இல் வெளிவந்தது. அதே ஆண்டில் டிங்கியின் சிற்றுருவும் வெளிவந்தது. இப்படிப் புதியன புகப் புகப் பழைய அச்சுகள் தேயுமுன்பே வேலையற்று நின்றன.

இனி நம் நாட்டுப் பக்கம் வருவோம். விடுதலைக்குப் பின் வெளிநாட்டுக் கார்களின் இறக்குமதிக்குக் கடுமையான கட்டுப்பாடு வந்தது. இங்குள்ள தொழிலதிபர்கள் அயல்நாட்டு நிறுவனங்களோடு உடன்படிக்கை செய்துகொண்டு அவற்றின் வண்டிகளை இங்கேயே உருவாக்கினர். கல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலை எழுந்தது. ஆக்ஸ்ஃபோர்டு நகரை அடுத்த கௌலியில் செய்யப்பட்ட மாரிஸ் கார்களே அதற்கு மூலம். மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் மூன்றாம் வரிசை இங்கிலாந்தில் 1956 முதல் 1959 வரையே வாழ்ந்தது. அதுவே இங்கு அம்பாசிடர் என்ற பெயரில் 1950களின் இறுதியில் பிறந்து, அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடியது. பிறந்த இடத்தில் மூன்றாண்டு, வந்த இடத்தில் ஐம்பதாண்டுக்கு மேல் என்பது வியப்பன்றோ!

சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்ட் நிறுவனத்தின் ஆலை இருந்தது. நாம் மேலே கண்ட ட்ரையம்ஃப் ஹெரால்ட் 1961 முதல் அங்கே ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் ஆயிற்று. இங்கிலாந்தில் அந்தக் காருக்கு இரண்டு கதவுகளே. நம் குடும்பமோ பெரியது. பாட்டியும் பேரனும் முன்னிருக்கையை மடக்கிப் பின்னே நுழைவது எளிதா? நாளடைவில் சென்னையில் அதற்கு நான்கு கதவுகள் வைத்தார்கள். நான்கு கதவு ஹெரால்ட் இங்கிலாந்தில் உருவானதே இல்லை. வந்த ஊரின் தேவை வண்டியின் உடலையே மாற்றிவிட்டது.

பெரிய வண்டிகளுக்கு நேர்ந்ததே சிறிய வண்டிகளுக்கும் நேர்ந்தது என்பதுதான் இக்கதையின் சுவையான பகுதி. 1960களின் இறுதியில், இங்கிலாந்தில் கைவிடப்பட்ட டிங்கி அச்சுகள் சில கப்பலேறிக் கல்கத்தாவுக்கு வந்தன. அட்டாம்கோ என்ற நிறுவனத்தார் அவற்றைக் கொண்டு வார்த்த வண்டிகளை நிக்கி என்ற பெயரில் விற்றனர். அடித்தட்டில் டிங்கி என்றிருந்ததை நிக்கி என்று திருத்திய வடு வெளிப்படையாகத் தெரியும். வார்ப்பு சற்றுக் கரடுமுரடு. வண்ணப்பூச்சும் தடித்தது. ஜாகுவார், பென்ட்லி முதலிய செல்வர் வண்டிகள் இவ்வாறு நம் பிள்ளைகளின் கையில் ஓடின. டிங்கியின் ட்ரையம்ஃப் விடெஸ் அச்சு இங்கே ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்ற பெயரைத் தாங்கியது. விடெஸ், ஹெரால்டின் உடலைக் கொண்டு அமைந்த உடன்பிறப்பு ஆதலின் அப்பெயர் பொருந்திற்று. அட்லாஸ் என்ற சிற்றுந்தின் உருவம் ஸ்டாண்டர்ட் 20 ஆயிற்று. லிவர்பூலில் செதுக்கிய அச்சு. கல்கத்தாவில் வார்த்த உலோகம். சென்னை வண்டியின் பெயர். இம்மூன்றும் நான்கு அங்குல நீளத்துக்குள் அடங்கிவிட்டன.

ஒரு காலத்தில் நிக்கி வண்டிகளைச் சேகரிப்போர் மட்டமான நகல் என்று ஒதுக்கியதுண்டு. இன்று அவற்றையும் தேடிப் போற்றுகின்றனர். காரணம் விளங்குகிறது. அச்சு மாறாதது, அது தன் பிறப்பிடத்தின் உருவத்தை அப்படியே தருகிறது. சாலையில் ஓடிய ஹெரால்ட் நான்கு கதவு பெற்ற பின்னும் பொம்மை ஹெரால்ட் இரண்டு கதவோடேயே இருந்தது. இரண்டையும் அருகருகே வைத்து நோக்கினால், வந்தபோது எப்படி இருந்தது, வாழ்ந்து எப்படி ஆனது என்பது ஒருங்கே புலப்படும். 1950இல் டிங்கி வெளியிட்ட மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டும் இத்தகையதே. அம்பாசிடருக்கு முன்பு உத்தர்பாராவில் உருவான ஹிந்துஸ்தான் 14 என்ற காரின் முகத்தை அதில் காணலாம். உண்மைக் கார்கள் அரிதாகிவிட்ட நிலையில் இது ஒரு சான்றாவணத்துக்கு ஒப்பாகும்.

இத்தகைய பழைய வண்டி ஒன்று நம் வீட்டுப் பெட்டியின் அடியில் கிடக்கக் கூடும். அதற்குப் புது வண்ணம் பூச வேண்டா. பூச்சு உதிர்ந்த தழும்பும் அதன் வரலாறே. முதலில் அடித்தட்டைத் திருப்பிப் பெயரைப் படிக்க வேண்டும். ஈரம் படாத இடத்தில் வைக்க வேண்டும். உலகப் போருக்கு முந்திய வார்ப்புகளில் ஈயம் முதலிய மாசு சிறிதே கலந்திருந்தாலும், ஆண்டுகள் செல்லச் செல்ல உலோகம் உள்ளிருந்தே வெடித்துப் பொடியாகும். அதற்கு மருந்து இல்லை. வெப்பமும் ஈரமும் அதனை விரைவுபடுத்தும். கல்கத்தாவிலும் பம்பாயிலும் வாழும் நமக்கு மழைக்காலத்தின் ஈரத்தைப் பற்றி எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

பின்ஸ் சாலைத் தொழிற்சாலை 1979 நவம்பரில் மூடப்பட்டது. வண்டலூரில் ஹெரால்ட் வழிவந்த கார்கள் அதற்கும் முன்பே நின்றுவிட்டன. உத்தர்பாராவும் ஓய்ந்தது. ஆயினும் அம்பாசிடரை ஆங்கில நாட்டுக் கார் என்று இன்று யாரும் சொல்வதில்லை. கல்கத்தாவின் வண்டி என்றே சொல்கிறார்கள். வேற்றூரில் வார்த்த உருவம், வந்த ஊரின் சாலையில் ஓடி, அதன் மழையில் நனைந்து, அதன் மக்களைச் சுமந்து, அவ்வூருக்கே உரியதாகிவிட்டது. பிறந்த ஊரை விட்டு வந்து வேற்றூரில் வேரூன்றிய நமக்கு இது புரியாத செய்தி அன்று. அலமாரியில் நிற்கும் சிறிய வண்டியை அடுத்த முறை கையில் எடுக்கும்போது, அதன் அடித்தட்டையும் ஒருமுறை திருப்பிப் பார்ப்போம். திருத்தி எழுதிய பெயருக்குக் கீழே பழைய பெயரின் தடம் இன்னும் தெரியும்.