திருகோணமலைத் துறைமுகமும் போர்க்காலக் கணிப்புப் பணியில் பெண்களும் (1941–1945)

முன்னுரை

திருகோணமலைத் துறைமுகத்தின் போர்க்கால வரலாறு பெரும்பாலும் கப்பல்களையும் தளபதிகளையும் சீனன்குடா எண்ணெய்க் குதங்களையும் கொண்டே எழுதப்படுகிறது. ஆனால் அக்கப்பல்கள் எப்போது குடாவை விட்டு வெளியேற வேண்டும், எத்திசையில் செல்ல வேண்டும் என்ற முடிவுகளுக்கு அடிப்படையான தகவல்களைத் திரட்டியோரில் பலர் பெண்கள். பிரித்தானிய அரச கடற்படையின் மகளிர் சேவையைச் சேர்ந்த இவர்கள் 'ரென்' என்று அழைக்கப்பட்டனர். இந்து சமுத்திரத்தில் இவர்களது பணி வளர்ந்த விதத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. அப்பணி கணினி வரலாற்றின் ஒரு பகுதி என்பதே இதன் வாதம்.

சிங்கப்பூரிலிருந்து கொழும்புக்கு

கிழக்காசியாவில் பிரித்தானியாவின் கடற்படை உளவுப் பணியை நடத்திய தூர கிழக்கு ஒருங்கிணைந்த பணியகம், 1939 ஓகஸ்டில் ஹொங்கொங்கிலிருந்து சிங்கப்பூருக்கு மாற்றப்பட்டது. 1941இல் ரென் வானொலித் தந்தியாளர்களின் சிறு குழுவொன்று அங்கு அனுப்பப்பட்டது. அதற்குப் பொறுப்பாக இருந்தவர் பெற்றி ஆர்ச்டேல். 1934–35இல் உலகின் முதலாவது மகளிர் டெஸ்ட் தொடரில் இங்கிலாந்து அணிக்குத் தலைமை தாங்கியவர் அவரே.

யப்பானியக் கடற்படையின் மோர்ஸ் செய்திகளைக் கேட்டு எழுதுவதே அக்குழுவின் வேலை. யப்பானிய மோர்ஸ் 'கானா' எழுத்துகளை அடிப்படையாகக் கொண்டது. ஆங்கில மோர்ஸைவிட அதில் குறிகள் மிக அதிகம். கேட்பவர் ஒரு குறியைத் தவறவிட்டாலும் பின்னால் வரும் கணிப்பு முழுவதும் பிழையாகலாம். சிங்கப்பூர் வீழ்ச்சியடையும் நிலையை எட்டியபோது, 1942 ஜனவரியில், பணியகமும் இப்பெண்களும் கொழும்பை வந்தடைந்தனர்.

1942 ஏப்ரல்

1942 மார்ச் இறுதியில், ஏப்ரல் 1 அளவில் யப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்கள் இலங்கையைத் தாக்கும் என்று கொழும்பிலிருந்த பணியகம் எச்சரித்தது. பிரித்தானியக் கீழைக் கடற்படையின் தளபதி அட்மிரல் சொமர்வில் தம் கப்பல்களைத் தெற்குக் கடலுக்கு நகர்த்தினார். தாக்குதல் சில நாட்கள் பிந்தியே வந்தது. ஏப்ரல் 4இல் ரோந்து விமானி லெனார்ட் பேர்ச்சல் எதிரிக் கப்பல்களைக் கண்டு அறிவித்தார். மறுநாள், உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பு தாக்கப்பட்டது.

ஏப்ரல் 8இல் எதிரிக் கப்பல்கள் மீண்டும் காணப்பட்டதும் திருகோணமலைத் துறைமுகத்திலிருந்த கப்பல்கள் இரவோடிரவாக வெளியேற்றப்பட்டன. 9ஆம் திகதி காலை தொண்ணூறளவு குண்டுவீச்சு விமானங்கள் துறைமுகத்தையும் சீனன்குடாவையும் தாக்கின. ஓர் எண்ணெய்க் குதம் எரிந்தழிந்தது. சகாயிங் என்ற சரக்குக் கப்பல் தீப்பற்றியது. பின்னர் நீரில் அமிழ்ந்த அதனை இலங்கைக் கடற்படை 2018இல் மேலே கொண்டுவந்தது. முந்திய இரவு வெளியேறிய ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டு 307 பேர் மாண்டனர்.

பணியகத்தின் மார்ச் எச்சரிக்கை இழப்பைத் தடுத்துவிடவில்லை. ஆனால் இலங்கையின் பாதுகாப்பு, எதிரியின் வானலைச் செய்திகளைப் படிக்கும் திறனிலும் தங்கியிருந்தது என்பதை அது நிறுவியது. தாக்குதலுக்குப் பின் பணியகம் மொம்பாசாவின் கிலிந்தினிக்கு இடம்பெயர்ந்தது. ரென் பெண்களும் உடன் சென்றனர்.

ஐந்து இலக்க எண்களும் துளை அட்டைகளும்

யப்பானியக் கடற்படையின் முதன்மைச் சங்கேதத்தை நேச நாடுகள் ஜே.என்.25 என்று குறித்தன. அதில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் ஐந்து இலக்க எண் இருந்தது. அனுப்புபவர் அதனுடன் வேறோர் அட்டவணையிலிருந்து எடுத்த 'கூட்டெண்' என்ற எண்ணை, இலக்கம் இலக்கமாக, பத்தை அடுத்த இடத்துக்குக் கொண்டுசெல்லாமல் கூட்டுவார். 7உம் 8உம் சேர்ந்தால் 5 மட்டுமே எழுதப்படும். மூலச் சங்கேத எண்கள் யாவும் மூன்றால் மீதியின்றி வகுபடுபவை. செய்தியைப் பெறுபவர் பிழை பார்ப்பதற்காகச் செய்யப்பட்ட இந்த ஏற்பாடே சங்கேதத்தின் பலவீனமாயிற்று. ஒரே கூட்டெண்ணால் மறைக்கப்பட்ட பல செய்திகளை நிரைப்படுத்தி, ஒவ்வொரு கூட்டெண்ணாகக் கழித்துப் பார்த்து, எல்லா விடைகளும் மூன்றால் வகுபட்டால் ஊகம் சரியாக இருக்க வாய்ப்புண்டு.

இதற்கு ஆயிரக்கணக்கான கழித்தல்கள் வேண்டும்; மீண்டும் மீண்டும் வரும் எண்களைப் பெருந்தொகைச் செய்திகளிடையே தேடவும் வேண்டும். 1943இல் பணியகம் கொழும்புக்குத் திரும்பி 'எச்.எம்.எஸ். அன்டர்சன்' என்ற தளத்தில் அமைந்தபோது, இத்தேடலுக்கு ஹொலரித் துளை அட்டை இயந்திரங்கள் பயன்பட்டன. ரென் பெண்கள் செய்திகளைப் பிடித்து எழுதுவதிலும் கூட்டெண்களை நீக்குவதிலும் ஈடுபட்டனர். தரவைப் பதிதல், வகைப்படுத்தல், ஒப்பிடல், பிழை சரிபார்த்தல் ஆகிய இச்செயல்களே பின்னர் கணினியின் அடிப்படை வேலைகளாயின.

மொம்பாசாவுக்கும் கொழும்புக்கும் இடையிலான கடல்வழி ரென்களிடம் உயிர்விலையும் கேட்டது. 1944 பெப்ரவரி 12இல் மொம்பாசாவிலிருந்து கொழும்பு நோக்கி வந்த கெடிவ் இஸ்மாயில் என்ற கப்பலை யப்பானிய நீர்மூழ்கி மூழ்கடித்தது. உயிரிழந்த 1,297 பேரில் 77 பேர் பெண்கள். தாதியருடன் ரென்களும் அவர்களுள் இருந்தனர்.

இயந்திரத்திலிருந்து வானிலைச் சங்கேதத்துக்கு

ஐரோப்பாவில் வளர்ந்த கணிப்பு அனுபவம் இலங்கையை வந்தடைந்ததற்கு ஜீன் வலன்ரைன் (1924–2019) சிறந்த சான்று. ஸ்கொட்லாந்தின் பேர்த் நகரைச் சேர்ந்த இவர், பிரித்தானியாவின் சங்கேத உடைப்பு மையமான பிளெச்லி பார்க்கில் ஜேர்மனியின் எனிக்மா சங்கேதத்தை உடைக்க உதவிய 'பொம்ப்' இயந்திரத்தை இயக்கியவர். பின்னர் கொழும்புக்கு அனுப்பப்பட்டு யப்பானிய வானிலைச் சங்கேதங்களை உடைக்கும் பணியில் ஈடுபட்டார்.

1944இல் கீழைக் கடற்படை திருகோணமலையைத் தளமாகக் கொண்டு மீண்டும் வலுப்பெற்றிருந்தது. ஏப்ரல் 16இல் அங்கிருந்து புறப்பட்ட இலஸ்ட்ரியஸ், அமெரிக்காவின் சரட்டோகா ஆகிய விமானந்தாங்கிகளின் விமானங்கள் 19ஆம் திகதி சுமாத்திராவுக்கு அப்பாலுள்ள சபாங்கைத் தாக்கின. இத்தகைய பயணங்களில் மேகமும் காற்றும் விமானிகளின் உயிரைத் தீர்மானிக்கும். எதிரியின் வானிலை அறிக்கைகளை வாசிக்கும் வேலையின் பெறுமதியை இப்பின்னணியில்தான் மதிப்பிட வேண்டும்.

பெயர் மறைந்தமைக்கான காரணங்கள்

பிளெச்லி பார்க்கின் பணியாளர்களில் ஏறத்தாழ முக்கால் பங்கினர் பெண்கள். 1944இல் இயங்கத் தொடங்கிய கொலோசஸ் மின்னணுக் கணிப்பொறிகளை இயக்கியோர் ரென்களே. எனினும் இரண்டு காரணங்களால் இவர்கள் வரலாற்றிலிருந்து விலக்கப்பட்டனர்.

முதலாவது, அரச இரகசியம். 1970களின் நடுப்பகுதி வரை இவர்கள் தம் குடும்பத்தாரிடமும் வாய்திறக்க முடியவில்லை. இரண்டாவது, வேலைக்கு இடப்பட்ட தரம். கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்ற ஜோன் கிளார்க்கின் ஊதியத்தை உயர்த்த, பெண் சங்கேத ஆய்வாளருக்கென உயர்பதவித் தரம் இல்லாமையால், அவரை 'மொழியியலாளர்' என்று பதிவுசெய்ய நேர்ந்தது. போருக்குப் பின் பிரித்தானிய அரச சேவையில் இயந்திர இயக்கம் பெண்களுக்குரிய கீழ்நிலை வேலையாகக் கருதப்பட்டதையும், கணினி முக்கியத்துவம் பெற்றதும் பெண்கள் ஒதுக்கப்பட்டதையும் வரலாற்றாசிரியர் மார் ஹிக்ஸ் 2017இல் வெளியான தமது நூலில் விரிவாக நிறுவியுள்ளார். இவற்றுள் இரண்டாவது காரணமே கொடியது. இரகசியம் காலத்தோடு நீங்கியது. ஆனால் 'எழுதுவினைஞர் வேலை' என்ற மதிப்பீடு அவ்வளவு எளிதில் நீங்கவில்லை.

முடிவுரை

கேட்டல், பதிதல், கழித்தல், ஒப்பிடல் என்ற தொடரில் ஒவ்வொரு கட்டமும் அறிவுழைப்பே. அவ்வுழைப்பைப் பெரிதும் பெண்கள் செய்தனர் என்பதும், அதன் பயனைத் திருகோணமலைத் துறைமுகம் பெற்றது என்பதும் மேற்கூறிய சான்றுகளிலிருந்து தெளிவாகின்றன. எனவே துறைமுக வரலாற்றை எழுதுவோர் கப்பற் பெயர்களுக்கு அருகில் பெற்றி ஆர்ச்டேல், ஜீன் வலன்ரைன் ஆகியோரின் பெயர்களையும் எழுத வேண்டும். கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில் இன்று கணினி விஞ்ஞானம் கற்கும் மாணவிகளுக்கு இவ்வரலாறு பாடமாகச் சொல்லப்பட வேண்டும். தம் துறையின் முன்னோடிகள் பணியாற்றிய கடற்பரப்பின் கரையிலேயே தாம் கற்கிறோம் என்பதை அறிய அவர்களுக்கு உரிமை உண்டு.