குழாயிலிருந்து கிணற்றுக்கு

சென்னைத் துறைமுகத்தில் கப்பல் இறக்கும் எண்ணெய்க்குத் தரைக்கடியில் தனிப் பாதை உண்டு. அப்படியொரு பாதைதான், வடசென்னையிலுள்ள தண்டையார்பேட்டை சேமிப்புக் கிடங்குக்குப் போன பாரத் பெட்ரோலியம் குழாய். அதற்கு மேலே வீடுகள், கடைகள், ஒரே கிணற்றை நம்பியிருக்கும் ஒண்டுக்குடித்தனங்கள்.

குழாய் கசிந்தது. கடற்கரை மணலில் எண்ணெய் இறங்கத் தடையேதும் இல்லை. நிலத்தடி நீரைத் தொட்டதும், அதைவிட லேசானது என்பதால், மேலே படலமாக மிதக்கும். மழையில் நீர்மட்டம் ஏறினால் கூடவே ஏறும், கோடையில் கூடவே இறங்கும். போகிற வழியெல்லாம் மணலில் ஒட்டிக்கொள்ளும். அதிலுள்ள பென்சீன் தண்ணீரில் கரைந்து, படலம் எட்டாத இடத்துக்கும் போய்ச் சேரும். இந்தப் பயணம் 2013இல் தெருவுக்குத் தெரிந்தது. மோட்டார் போட்டால் போர் தண்ணீரில் எண்ணெய், வீடெல்லாம் பெட்ரோல் வாடை. குளிக்கவும் துவைக்கவும் பாத்திரம் கழுவவும் இருந்த தண்ணீர் அது.

அந்தத் தண்ணீர் மாசுபடாமல் இருப்பது யாருடைய உரிமை? பிறக்கும்போதே மனிதருக்கு உரிமைகள் உண்டு என்று ஆங்கிலத் தத்துவஞானி ஜான் லாக் 1689இல் எழுதினார். நம் நாட்டின் 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டமும் நிலத்தில் இயல்பாக ஊறிவரும் நீரைப் பிறர் மாசுபடுத்தக்கூடாது என்கிறது. ஆனால் அந்த உரிமையை அது நிலத்தின் சொந்தக்காரருக்கு உரியதாகவே சொல்கிறது. வாடகைக்கு இருப்பவர் என்ன செய்வார்? மாசற்ற நீரும் காற்றும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1991இல் சுபாஷ் குமார் வழக்கில் சொன்ன பிறகுதான் அவருக்கும் ஒரு பிடி கிடைத்தது. அதற்கப்புறமும் தண்டையார்பேட்டை விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போக வேண்டியிருந்தது.

உரிமையைக் காப்பது சட்டமல்ல, சமூகத்தின் மனச்சாட்சிதான் என்று அம்பேத்கர் 1943இல், சமூகச் சீர்திருத்தவாதி ரானடே பற்றிய உரையில் சொன்னார். வடசென்னை விஷயத்தில் நகரத்தின் அந்த மனச்சாட்சி மெத்தனமாகவே இருக்கிறது. 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பர் மழை வெள்ளத்தில் எண்ணூர் கழிமுகத்தில் மறுபடி எண்ணெய். ஒவ்வொரு முறையும் வழித்து அள்ளியவர்களில் ஏழைகளும் உண்டு.

ஏழைக்கும் மாசற்ற நீருக்கான உரிமை இருக்கிறது என்றுதான் நான் நம்புகிறேன். இல்லாத ஒன்றை யாரும் பறிக்க முடியாது. அதிகாரிகளிடம் ஒரு கோரிக்கை: குழாய் போகும் ஒவ்வொரு தெருவிலும் நிலத்தடி நீரைச் சோதித்து, முடிவைத் தமிழில் எழுதித் தெருமுனையில் ஒட்டுங்கள். வாடகைக்காரரும் படிக்கட்டும்.