ஐகாட்டிபான்ட் ஊசிமருந்துச் சோதனைகள்

பரம்பரை ஆஞ்சியோஎடீமாவில் பிராடிகினின் மிகுந்து முகமோ வயிறோ குரல்வளையோ வீங்கும். வழக்கமான ஒவ்வாமை மருந்துகள் இங்கே உதவுவதில்லை. பிராடிகினினின் பி2 ஏற்பியை அடைக்கும் ஐகாட்டிபான்டைத் தோலடியில் 30 மி.கி. செலுத்தி ஆராய்ந்த இரு சோதனைகள் 2010இல் வெளியாயின. அவற்றுள் ஒன்றில், ஒப்பீட்டு மருந்தான டிரானெக்சாமிக் அமிலத்துக்கு இடைநிலையாக 12 மணி நேரமும் இம்மருந்துக்கு 2 மணி நேரமும் நிவாரணத்துக்குத் தேவைப்பட்டன. மற்றதில், மருந்தற்ற வெற்று ஊசியுடனான ஒப்பீட்டிலோ வெற்று ஊசிக்கு 4.6, மருந்துக்கு 2.5 மணி என்ற வேறுபாடு புள்ளியியல்படி உறுதிப்படவில்லை. வீக்கம் தானாகவும் வடியக்கூடிய இந்நோயில் வெற்று ஊசியே உண்மையான உரைகல். ஆகவே முதல் வெற்றியை மட்டும் நம்பியிருந்தால் அது அவசர முடிவு. வேதனையில் இருப்பவருக்கு வெற்று ஊசி போடலாமா என்ற எதிர்ப்பு நியாயமானதே. அதனால்தான் அச்சோதனையில் குரல்வளை வீங்கியவர்களுக்கு மருந்தே நேரடியாகத் தரப்பட்டது. மூன்றாவது சோதனையில் அறிகுறிகள் பாதியாகக் குறைய வெற்று ஊசிக்கு 19.8 மணி நேரமும் மருந்துக்கு 2 மணி நேரமும் ஆயின. அமெரிக்கா 2011 ஆகஸ்டில் இம்மருந்துக்கு ஒப்புதல் அளித்தது.