தி ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸ்

அமெரிக்க எழுத்தாளர் ஜான் கிரீன் எழுதி 2012 ஜனவரியில் வெளிவந்த ஆங்கில இளையோர் நாவல். தலைப்பு, ஷேக்ஸ்பியரின் ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தில் காசியஸ் பேசும் வசனத்திலிருந்து பிறந்தது. முதல் அச்சின் 1,50,000 படிகளிலும் ஆசிரியர் கையொப்பமிட்டார்.

கதை இண்டியானாபோலிஸ் நகரில் நிகழ்கிறது. தைராய்டு புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவி, ஆக்சிஜன் உருளையுடன் நடமாடும் 16 வயது ஹேசல் கதையைச் சொல்கிறாள். எலும்புப் புற்றுநோயால் ஒரு காலை இழந்த அகஸ்டஸை நோயாளிகளின் ஆதரவுக் குழுவில் சந்திக்கிறாள். முடிவுறாமல் நிற்கும் ஒரு நாவலின் மிச்சக் கதையை அறிய இருவரும் அதன் ஆசிரியரைத் தேடி ஆம்ஸ்டர்டாம் செல்கின்றனர். அந்த நாவலும் கிரீனின் கற்பனையே. ஹேசலுக்குத் தரப்படும் ஃபாலாங்ஸிஃபர் என்ற மருந்தும் உண்மையில் இல்லாதது.

நோயுற்றோரைத் துணிவின் திருவுருக்களாக்கும் வழக்கத்தை நாவல் மறுக்கிறது; அதன் வலிமை இங்கேதான். ஹேசலின் கோபமும் நகைச்சுவையும், தன் மரணம் பெற்றோரை என்ன செய்யும் என்ற அச்சமும் காதலுக்கு இணையான இடம் பெறுகின்றன. கிரீன் இளமையில் குழந்தைகள் மருத்துவமனையொன்றில் ஆன்மிக ஆறுதல் பணியாளராக இருந்தவர். நூல், தைராய்டு புற்றுநோயால் 2010இல் 16 வயதில் இறந்த அவருடைய தோழி எஸ்தர் எர்லுக்குக் காணிக்கையாக்கப்பட்டது.

நாவலைத் தழுவி ஜோஷ் பூன் இயக்கிய ஹாலிவுட் படம் 2014இல் வந்தது. ஜாம்ஷெட்பூரைக் களமாக்கிய ‘தில் பேச்சாரா’ (2020) இந்தி வடிவம்; நாயகன் சுஷாந்த் சிங் ராஜ்புத்தின் மறைவுக்குப் பின் வெளியான அதற்கு இசை ஏ. ஆர். ரகுமான்.